மார்க்கோ போலோவும் பாண்டியன் குதிரைகளும்

பண்டித வகுப்பு மாணவர்க்குத் திருவிளையாடற் புராணம் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மாலையில், நரி பரியாக்கிய படலத்துக்கு வந்து சேர்ந்தோம். அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கப் பெரும்பொருள் கொடுத்து வாதவூரரை அனுப்பியதும், அவர் அப்பொருளைத் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டதும், நரிகள் பரிகளாகி மதுரைக்கு வந்ததும் நேயர்கள் அறிந்த கதையே. உரை முடிந்ததும் மாணாக்கி ஒருத்தி எழுந்து ஓர் ஐயம் கேட்டாள். ஆடும் மாடும் ஈன்று பெருகுவதுபோலக் குதிரையும் ஈன்று பெருகுமன்றோ. அவ்வாறாயின் பாண்டியன் எதற்காகக் கடல்கடந்த நாட்டாரிடம் குதிரை வாங்கிக்கொண்டே இருந்தான் என்பது அவள் ஐயம். படலத்தின் பத்திப் பெருக்கை விரித்துரைக்க வந்த எனக்கு இந்த உலகியல் வினாவுக்கு அப்பொழுது விடை தெரியவில்லை. மறுநாட் சொல்வதாகக் கூறி வகுப்பை முடித்தேன்.

மறுநாளும் என்னாற் சொல்ல இயலவில்லை. உரையாசிரியர்களைத் துழாவியும் பயனில்லை. பல நாட் கழித்து, நான் எதிர்பாராத ஓரிடத்தில், வெனிஸ் நகரத்து வணிகன் ஒருவனுடைய வாழ்க்கையில், அவ்விடை கிடைத்தது. அவன்தான் மார்க்கோ போலோ. அவனைச் சீனம் சென்று மீண்ட யாத்திரிகன் என்றே நம் பாடநூல்கள் அறிமுகப்படுத்துகின்றன. அவன் நம் பாண்டிநாட்டுக் குதிரைக் கொட்டில்களைக் கண்டு வருந்திய கதையைச் சொல்வார் மிகச் சிலரே. ஆகையால் அவன் வாழ்க்கையைக் குதிரை என்னும் ஒரு நூலிற் கோத்து இங்கே கூற முற்படுகிறேன்.

மார்க்கோ போலோ 1254ஆம் ஆண்டளவில் வெனிஸில் பிறந்தவன். நீரே வீதியாகவும் ஓடமே ஊர்தியாகவும் உடைய நகரம் அது. ஆயினும் அந்நகரத்தார் பெருமையோடு காத்த குதிரைகள் நான்கு இருந்தன. 1204ஆம் ஆண்டிற் கொன்ஸ்தாந்திநோபிள் நகரைக் கொள்ளையிட்டபொழுது அங்கிருந்து எடுத்துவரப்பட்ட செப்புக் குதிரைகள் அவை. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி அவற்றைப் புனித மாற்கு பேராலயத்தின் முகப்பில் ஏற்றி வைத்தனர். மார்க்கோ வளர்ந்த காலத்தை அடுத்தே அவை அம்முகப்பிற் காட்சி தரலாயின. புல்லும் நீரும் வேண்டாத குதிரைகள். வெயிலும் பனியும் தீண்டாத குதிரைகள் என்று அவற்றை எவரும் எண்ணியிருப்பர். அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை இக்கட்டுரையின் இறுதியிற் காண்போம்.

அவன் தந்தை நிக்கோலோவும் சிறியதந்தை மஃபியோவும் வணிகத்தின் பொருட்டுக் கீழ்த்திசை சென்று, மொங்கோலியப் பேரரசன் குப்ளாய் கானைக் கண்டு, 1269ஆம் ஆண்டில் திரும்பினர். அதற்குள் மார்க்கோவின் தாய் இறந்துவிட்டாள். தந்தை முகத்தைப் பதினைந்தாம் வயதிலேதான் அவன் கண்டான் என்பர். இரண்டாண்டு கழித்து, 1271இல், அவ்விருவரும் மீண்டும் புறப்பட்டபொழுது, பதினேழு வயதினனாகிய அவனும் உடன் சென்றான். அப்பயணம் முழுவதும் குதிரை வழியாகவே நடந்ததென்றால் மிகையாகாது.

பாரசீகத்திலே அவன் முதன்முதலில் உயர்ந்த குதிரைச் சந்தையைக் கண்டான். அந்நாட்டுக் குதிரைகள் கீசு, ஓர்மூஸ் ஆகிய துறைகளுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கே இந்தியாவுக்குச் செல்லும் வணிகரிடம் பெருவிலைக்கு விற்கப்படுவதை அவன் குறித்துவைத்தான். ஓர்மூஸ் துறையில் அவன் கண்ட கப்பல்களோ அவனை அச்சுறுத்தின. அவை இரும்பாணி அறையப்படாமல், தேங்காய் நாரிற் திரித்த கயிற்றால் தைக்கப்பட்டவை. சரக்கையெல்லாம் கீழே நிரப்பி, அதன்மேல் தோலைப் பரப்பி, அத்தோலின்மேல் குதிரைகளை நிறுத்திக் கடல் கடத்தினர். அத்தகைய கலத்தில் ஏறத் துணியாமையாற் போலும், போலோக்கள் தரைவழியே திரும்பி வடக்கு நோக்கிச் சென்றனர். அவ்வாறு திரும்பாத குதிரைகளே நம் நாட்டுத் துறைகளுக்கு வந்து சேர்ந்தவை. அலையடிக்கும் மேற்றளத்திற் பல நாள் கட்டுண்டு நின்று வந்த உயிருக்கு, இறங்கியவுடன் வேண்டுவது ஓய்வும் பழகிய உணவுமே. இதனை வாசகர் நினைவில் இருத்துக.

பதக்சான் மலைநாட்டிற் போலோ நோயுற்று, ஏறத்தாழ ஓராண்டு துன்புற்று, மலையுச்சியின் தூய காற்றினால் நலம் பெற்றான் என்று அவன் நூலின் ஒரு பாடம் கூறுகிறது. இடமும் காற்றும் மாறினால் உடம்பு மாறும் என்பதை அவன் தன் உடம்பிலேயே கற்றுக்கொண்டான். அந்நாட்டுக் குதிரைகள் இலாடமின்றியே கல்லும் முள்ளுமான மலைச்சரிவில் விரைவதையும், பாமீர் மேட்டுநிலத்துப் புல்லை மேய்ந்தால் மெலிந்த விலங்கும் பத்து நாளிற் கொழுத்துவிடுவதையும் அவன் வியந்துரைத்தான். இன்னும் கிழக்கே சென்றபொழுது மற்றொரு செய்தி அவன் செவிக்கு எட்டியது. சூக்சூர் என்னும் மலைநாட்டில் நச்சுப் பூண்டு ஒன்று விளைகிறது. அதனைத் தின்ற விலங்கின் குளம்பு கழன்றுபோகும். அந்நாட்டில் வளர்ந்த விலங்குகள் அதனை அறிந்து விலகிவிடும். வெளிநாட்டு விலங்கு அறியாமல் தின்றுவிடும். ஆதலால் வழிச்செல்வோர் அம்மலைக்கு அவ்வூர் விலங்குகளையே கொண்டுசெல்வர். புதிய நிலத்துக்கு வந்த விலங்கு தன்னைத் தானே காத்துக்கொள்ள மாட்டாது. காப்பவன் அறிவே அதன் அறிவாக இருக்க வேண்டும். இச்சிறு செய்தியில் அப்பெரிய உண்மை அடங்கியிருக்கிறது.

1275ஆம் ஆண்டளவில் போலோ குப்ளாய் கானின் வேனிற்கால நகராகிய சாங்துவை அடைந்தான். அப்பொழுது அவனுக்கு இருபத்தொரு வயது. அதன்பின் பதினேழு ஆண்டுகள் அவன் பேரரசனின் பணியில் இருந்தான். மொங்கோலியரைப்போலக் குதிரையோடு ஒன்றி வாழ்ந்த மக்கள் உலகில் அரியர். அவர்கள் பனிக்காலத்தில் வெப்பமுள்ள சமவெளிக்கும், வேனிலிற் குளிர்ந்த மலைச்சாரலுக்கும் மந்தையோடு பெயர்ந்தனர். பருவத்தைக் குதிரைக்கு ஏற்ப மாற்ற முடியாதாகையால், பருவத்துக்கு ஏற்பக் குதிரையோடு தாமும் இடம் மாறினர். போருக்குச் செல்லும் ஒருவன் பதினெட்டுக் குதிரை வரையிற் கொண்டுபோய், ஒன்று களைத்தபொழுது மற்றொன்றில் ஏறினான். அக்குதிரைகளுக்கு மேய்ச்சற் புல்லே போதுமானதாக இருந்தது.

பேரரசன் அமைத்த அஞ்சல் நிலையங்கள் போலோவின் உள்ளத்தை மிகக் கவர்ந்தன. நெடுஞ்சாலைகளில் ஏறத்தாழ இருபத்தைந்து கல் தொலைவுக்கு ஒன்றாக அவை அமைந்திருந்தன. சிலவற்றில் 400 குதிரைகளும் சிலவற்றில் 200 குதிரைகளும் நின்றன. 400 குதிரைகள் உள்ள நிலையத்தில் 200 மட்டுமே ஒரு திங்கள் பணியில் நிற்கும். எஞ்சிய 200 புல்வெளியில் மேயும். திங்கள் முடிவில் இரண்டும் இடம் மாறும். ஓய்வு என்பது இரக்கத்தால் வழங்கப்படும் சலுகையன்று. உழைப்பின் மறுபாதி என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பேரரசின் செய்தி விரைவாக ஓடியதற்குக் காரணம் ஓடிய குதிரை மட்டுமன்று; ஓடாமல் மேய்ந்துகொண்டிருந்த குதிரையுமாகும்.

இவ்வாறு குதிரையின் இயல்பைப் பதினேழாண்டு கண்ணாரக் கண்ட ஒருவன் நம் நாட்டுக் கரைக்கு வந்த வரலாற்றை இனிச் சொல்ல வேண்டும். பாரசீகத்தை ஆண்ட மொங்கோலிய அரசன் அர்கூனுக்கு மணமகளாகக் கோக்காச்சின் என்னும் இளவரசியை அனுப்பக் குப்ளாய் இசைந்தான். பதினான்கு கப்பல்களும், மாலுமிகள் நீங்கலாக 600 பேரும் கொண்ட அந்தக் கூட்டத்தோடு போலோக்களும் விடைபெற்றனர். சுமாத்திரா தீவில் காற்றின் பருவம் மாறும்வரை ஐந்து திங்கள் காத்திருந்தனர். 1292 அல்லது 1293ஆம் ஆண்டளவில் அக்கப்பல்கள் நிக்கோபார் வழியாக நம் ஈழநாட்டை அடைந்தன. ஈழத்தைப் பற்றிப் போலோ மகிழ்ச்சியோடு எழுதுகிறான். உலகில் அதன் அளவுள்ள தீவுகளில் இதுவே சிறந்ததென்பது அவன் கருத்து. இங்கு விளையும் மாணிக்கத்தையும், பாவாத மலை எனப்படும் சிவனொளிபாதத்தையும், 1284இற் குப்ளாய் இங்கே அனுப்பிய தூதினையும் அவன் விரித்துரைக்கிறான். மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பையும் வருணிக்கிறான்.

அதன்பின் அவன் மாபார் என்று அழைத்த தமிழ்நாட்டுக் கரை வந்தது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சிக்காலம் அது. அரச குடும்பத்தார் ஐவர் நாட்டைப் பகிர்ந்து ஆண்டதாகப் போலோ கூறுகிறான். அவர்தம் துறைமுகங்களிற் சிறந்தது காயல். பொருநையாறு கடலொடு கலக்குமிடத்தை அடுத்து இன்று பழையகாயல் என்னும் சிற்றூராக இருப்பது அதுவே. கால்டுவெல் ஐயர் அவ்விடத்தை ஆராய்ந்து, சீனத்து மட்கல ஓடுகளும் அராபியத்து மட்கல ஓடுகளும் அங்கே சிதறிக் கிடந்ததை எடுத்துக்காட்டினார். ஓர்மூஸ், கீசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரையேற்றி வந்த கலங்கள் எல்லாம் காயலில் நின்றன.

அங்கே போலோ கண்டது யாது? ஐவருள் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் 2000 குதிரைக்குமேல் வாங்கினர். ஒவ்வொரு குதிரைக்கும் பொன்னை வாரிக் கொடுத்தனர். ஆண்டு முடிவில் நூறு குதிரையும் எஞ்சவில்லை. ஏனையவெல்லாம் மாண்டொழிந்தன. அவற்றுக்கு நெல்லரிசிச் சோற்றை இறைச்சியோடு சமைத்து ஊட்டினர். நோயறிந்து மருந்திடுவாரும் குளம்பு பேணுவாரும் நாட்டில் இல்லை. குதிரை விற்ற வணிகரோ அத்தொழிலறிந்தாரைத் தம்மோடு கொண்டுவரவுமில்லை. வேறெவரும் வருவதை விரும்பவுமில்லை. ஆண்டுதோறும் குதிரை மடிந்தாலன்றோ ஆண்டுதோறும் குதிரை விற்கலாம்? இங்கே குதிரை இனம் பெருகாமைக்கு நாட்டின் தட்பவெப்பமே காரணமாதல் வேண்டும் என்றும் அவன் கருதினான். இங்கு பிறந்த குட்டியும் கால் கோணியதாய்ச் சவாரிக்குப் பயன்படாது போயிற்று என்கிறான்.

வெளிநாட்டான் ஒருவன் நம்மை இகழ்ந்து எழுதிய மிகையுரை இது என்று தள்ளிவிட எனக்கும் மனம் இருந்தது. நூறு குதிரையும் எஞ்சவில்லை என்பது மிகையாகவே இருக்கலாம். அவன் பிழைபடாதவனும் அல்லன். இந்நாட்டில் ஆனி, ஆடி, ஆவணியை ஒட்டிய மூன்று திங்களிலேதான் மழை பெய்யும் என்று அவன் எழுதிவிட்டான். சோழமண்டலக் கரைக்கும் காயலுக்கும் பெருமழை தருவது ஐப்பசியும் கார்த்திகையும் என்பதை நம்மூர்ச் சிறுவரும் அறிவர். மலையாளக் கரையின் மழையை அவன் பாண்டிநாட்டின்மேற் பெய்வித்துவிட்டான் போலும். ஆயினும், குதிரை பற்றிய அவன் கூற்றுக்குத் தனிச் சான்று ஒன்று உண்டு. அவன் காலத்தவனாகிய பாரசீக வரலாற்றாசிரியன் வஸ்ஸாப், போலோவின் நூலைப் பாராமலே, ஏறக்குறைய அதே செய்தியை எழுதிவைத்தான்.

வஸ்ஸாப் கூறுவதன்படி, கீசுத் தீவின் தலைவன் சமாலுத்தீன் தன் குதிரைகளில் ஆண்டுக்கு 1400 அனுப்புவதாகப் பாண்டியனோடு உடன்படிக்கை செய்திருந்தான். பாரசீகக் குடாவின் துறைகள் எல்லாவற்றிலுமிருந்து 10,000 குதிரைகள் வரை வந்த காலமும் உண்டு. போலோவின் ஐந்து இரண்டாயிரத்தைக் கூட்டினாலும் அத்தொகையே வருதல் காண்க. குதிரை ஒன்றுக்கு விலை 220 செம்பொற் றினார். அவ்வாறாயின் ஓராண்டுச் செலவு 22 இலட்சம் தினார். கடலில் மாண்ட குதிரைக்கும் பாண்டியன் கருவூலமே விலை கொடுத்தது. வந்திறங்கிய குதிரைகளை நாற்பது நாள் முளையடித்துக் கட்டி, வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் காய்ச்சிய பசுப்பாலும் ஊட்டிக் கொழுக்கவைத்தனர். பின்பு யாதொரு பயிற்சியுமின்றி ஏறி ஓட்டினர். மிக்க வலிமையும் விரைவும் உடைய குதிரைகள் சில நாளிலேயே சோர்ந்து பயனற்றுப் போயின. இதனையே வஸ்ஸாப் வருத்தத்தோடு குறிக்கிறான்.

சோறும் இறைச்சியும் என்றான் ஒருவன். நெய்யும் பாலும் என்றான் மற்றொருவன். ஊட்டிய பொருள் வேறு, பிழை ஒன்றே. அன்பினால் நேர்ந்த பிழை அது. தாம் எதனைச் சிறந்த உணவென மதித்தனரோ அதனையே நம்மவர் குதிரைக்கும் கொடுத்தனர்.

இன்றைய கால்நடை மருத்துவம் இதனைத் தெளிவாக விளக்குகிறது. குதிரையின் இரைப்பை சிறிது. பெருங்குடலோ மிகப் பெரிது. நாளிற் பெரும்பொழுது சிறிது சிறிதாகப் புல் மேய்வதற்கே அதன் உடம்பு அமைந்தது. புல்லின் நாரைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களே செரிக்கச் செய்கின்றன. திடீரென மாப்பொருள் மிகுந்த உணவை அளவின்றி ஊட்டினால், அந்நுண்ணுயிர்கள் நிலைகுலைந்து குடலிற் புளிப்பு மிகும். கொடிய வயிற்றுவலி உண்டாகும். குளம்பினுட் சதை அழன்று நிற்கவும் மாட்டாது போகும். ஒவ்வாததை வாந்தியெடுத்து வெளித்தள்ளும் ஆற்றலும் குதிரைக்கு இல்லை. ஆதலாற் புதிய தீனியை ஒரு வாரம், பத்து நாள் என்று படிப்படியாகவே பழக்க வேண்டும்.

பருவமும் இவ்வாறே. குதிரை மனிதரைப்போல வியர்த்து உடம்பைத் தணித்துக்கொள்வது. வறண்ட அராபியத்தில் வியர்வை உடனே உலரும், உடல் குளிரும். ஈரம் மிகுந்த நம் கடற்கரைக் காற்றிலோ வியர்வை உலராமல் வழிந்தோடும். உப்பும் நீரும் கழியுமேயன்றி வெப்பம் தணியாது. முதுவேனிலில் நிழலும், காற்றோட்டமும், உப்பும், நாளொன்றுக்கு 25 முதல் 50 இலீற்றர் வரையும் அதற்கு மேலும் நன்னீரும் வேண்டும். கடும்பகலில் வேலை வாங்குதல் தகாது. கூதிர்காலத்தில் வேறு இடர். சேற்றிலும் ஈரக் கொட்டிலிலும் நின்றால் குளம்பின் அடி மெத்தென்றாகி அழுகும். நாள்தோறும் குளம்பைத் துப்புரவு செய்து, கொட்டிலை உலர்த்தி வைத்தல் வேண்டும். மழைக்குப்பின் இரத்தம் உறிஞ்சும் பெரிய ஈக்கள் பெருகும். அவை பரப்பும் சுர்ரா என்னும் நோயின் நுண்ணுயிரைக் கிரிபித் எவன்ஸ் என்னும் மருத்துவர் 1880ஆம் ஆண்டிலேதான் பஞ்சாப் பகுதியிற் கண்டுபிடித்தார். கூதிரையே அறியாத பாலைநிலத்துக் குதிரை, முதற் கார்த்திகையைப் பொருநைக் கரையிற் கட்டுண்டு கழித்ததென்றால் அதன் நிலை என்னாகியிருக்கும்!

இங்கே தமிழாசிரியன் என்ற முறையில் எனக்கு ஒரு நாணம் உண்டாகிறது. குதிரை நூல் நம் நாட்டில் இல்லாமலில்லை. சாலிகோத்திரர் பெயரால் வழங்கும் குதிரை மருத்துவ நூல் மிகப் பழையது. நகுலன் பெயராலும் ஒன்று உண்டு. கௌடிலியர் தம் பொருணூலிற் குதிரைத் தலைவனுக்குத் தனி இயலே வகுத்து, உடல் மெலிவையும் கொழுப்பையும் சீர்செய்தலும் பருவத்துக்கேற்ப உணவை மாற்றுதலும் குதிரை மருத்துவர் கடமை என விதித்தார். ஆறு பருவத்தையும் தமிழர்போல் நுணுகி வகுத்தவர் யார்? காரும் கூதிரும் முன்பனியும் பின்பனியும் இளவேனிலும் முதுவேனிலும் நம் பொருளிலக்கணத்தின் உயிர்நாடி அன்றோ? கடல் வழியாகக் குதிரை வந்ததைப் பட்டினப்பாலை பாடியது. சோழர் கல்வெட்டுக்களிற் குதிரைச் செட்டிகள் காணப்படுகின்றனர். அறிவு ஏட்டில் இருந்தது; கொட்டிலுக்கு வரவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நாம் பிறரைச் சொல்வதுண்டு. அப்பழமொழி நம் வாயிலுக்கே வந்து நிற்கிறது. வடமொழி வல்லார் நூலை ஓதினர். குதிரைக்காரனோ அதனைக் கேட்டிலன். கேட்பித்தல் தம் கடமை என்று கற்றோர் கருதியதாகவும் தெரியவில்லை. விற்றவன் மறைத்தான் என்று குறைகூறுமுன், கற்றவன் ஏன் சொல்லவில்லை என்று கேட்பதே நேர்மை.

போலோவின் எஞ்சிய கதையைச் சுருங்கச் சொல்லி முடிக்கிறேன். பாரசீகத்தை அடைந்தபொழுது மணமகன் அர்கூன் இறந்துவிட்டான். இளவரசி அவன் மகன் கசானுக்கு மனைவியானாள். புறப்பட்ட 600 பேரிற் பெரும்பாலோர் வழியில் மாண்டனர். தூதர் மூவருள் ஒருவரே எஞ்சினார். நிலமும் நீரும் மாறினால் மனிதரும் குதிரைபோலவே மடிவர் என்பதற்கு அக்கூட்டமே சான்று. 1295இற் போலோக்கள் வெனிஸை அடைந்தனர். பின்பு ஜெனோவா நகரத்தாரொடு நிகழ்ந்த பூசலில் மார்க்கோ சிறைப்பட்டான். அங்கே 1298ஆம் ஆண்டில் உடன் சிறையிருந்த பைசா நகரத்து ருஸ்திச்சல்லோ என்பான், இவன் சொல்லச் சொல்ல எழுதியதே இன்று உலகம் படிக்கும் நூல். மறு ஆண்டு விடுதலை பெற்று, தொனாத்தா என்பாளை மணந்து, பெண்மக்கள் மூவரைப் பெற்றான். 1324ஆம் ஆண்டு சனவரியில், எழுபது வயதளவில், தன் இறுதி முறியை எழுதுவித்தான். அதிற் பேதுரு என்னும் தாத்தாரியப் பணியாளனுக்கு அடிமை நீக்கம் அளித்தான். அவ்வாண்டிலேயே உயிர் நீத்தான். சொன்னவற்றுட் பொய்களை நீக்கிவிடும்படி இறக்கும் தறுவாயில் நண்பர் வேண்டினராக, கண்டவற்றிற் பாதியையும் தான் சொல்லவில்லை என்று அவன் விடையிறுத்தான் எனப் பழங்கதை ஒன்று வழங்குகிறது.

அவன் ஊர்ச் செப்புக் குதிரைகளின் கதையும் நிறைவு பெற வேண்டும். எழுநூறு ஆண்டுக்குமேல் வெயிலிலும் மழையிலும் நின்ற அவற்றைக் காற்றின் நஞ்சு அரிக்கத் தொடங்கியது. எனவே சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அவற்றை இறக்கிப் பேராலயத்தினுள்ளே காப்பாக வைத்தனர். முகப்பில் இன்று நிற்பவை படிகள். செம்பாலான குதிரைக்கும் காலத்துக்கேற்ற காப்பு வேண்டுமாயின், உயிர்க்குதிரைக்கு வேண்டுவதைச் சொல்லவும் வேண்டுமோ?

இவையெல்லாம் பழங்கதை என்று நாம் இருந்துவிட முடியாது. நம் நெடுந்தீவில் இன்றும் குதிரைகள் திரிகின்றன. ஐரோப்பியர் ஆட்சிக்காலத்திற் கொண்டுவந்து வளர்க்கப்பட்டு, பின்பு கைவிடப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை அவை. அங்கே குதிரை பெருகியது. போலோவின் தட்பவெப்பக் கொள்கைக்கு அது ஒரு மறுப்பாகும். முருகைக்கல் பரந்த அத்தீவில் மாரி பெய்தால் புல் தளிர்க்கும். குதிரைகள் மினுமினுப்பாகத் துள்ளும். கோடை நீண்டால் குளங்கள் வற்றும். நீரின்றி அவை மடிவதும் உண்டு. 2015ஆம் ஆண்டில் அவை உலாவும் நிலம் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு ஏடு; தொட்டியில் நிறைந்த நீரே கொட்டில். சில ஆண்டுக்கு முன் மாணவரோடு நான் அங்கே சென்றபொழுது ஆவணி மாதம். உலர்ந்த பள்ளம் ஒன்றின் ஓரத்தில், விலா எலும்பு தெரிய, குட்டியோடு நின்ற பெண்குதிரை ஒன்று எங்களை நோக்கியது. கொழும்பிலிருந்து வந்த மாணவர் தம் போத்தல்களிலிருந்த குடிநீரைப் பள்ளத்தின் குழியொன்றில் ஊற்றினர். நாங்கள் நூறடி விலகிய பின்னரே அது வந்து குடித்தது. குழி நிறையவில்லை, அதன் தாகமும் தீர்ந்திராது.

என்னிடம் ஐயம் வினவிய மாணாக்கிக்கு அடுத்த வகுப்பில் விடை சொன்னேன். பாண்டியன் ஓயாது குதிரை வாங்கியது, வாங்கியதைக் காக்கும் கல்வி அவன் கொட்டிலை எட்டாமையால் என்றேன். அவள் சற்றுநேரம் எண்ணியிருந்து, இரவில் நரியான பரிகள் கொட்டிலில் நின்ற பழைய குதிரைகளைக் கடித்துக் கொன்றதாகப் புராணம் கூறுகின்றதே, அக்குதிரைகளும் முன்பே மெலிந்துதான் நின்றிருக்குமோ என்று வினவினாள். அதற்கு விடை எந்த ஏட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆயினும், அப்படலத்தைப் பாடஞ் சொல்லும்பொழுதெல்லாம், மந்திரியையும் மன்னனையும் மறந்து, கட்டுத்தறியில் நின்ற அந்தப் பழைய குதிரைகளையே என் மனம் இப்பொழுது நினைக்கிறது.